ரங்கநாயகி என்கிற வனஜா

1

என் மகன் கோபாலுக்குப் பன்னிரண்டு வயது முடிந்துவிட்டது. இந்த நாட்டில் பன்னிரண்டு முடிந்த பிள்ளைகள் அடையாளக் கார்டு எடுத்தாக வேண்டும். மூன்று மாதங்களுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், அதற்கான பாரத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்துவைத்துக்கொண்டு அவனே நிரப்பிக்கொண்டிருந்தான். நான் எதிரே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். பினாங்கில் எங்கள் வீட்டில் சமையல் என் பொறுப்பு. அது ஏன் அப்படி ஆயிற்று என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

கோபால் இங்கிலீஷ் நன்றாக எழுதுவான். மலாய் அதைவிடச் சரளம். தமிழ் என்னிடம் மட்டும்தான், அதுவும் நான் அதட்டினால். அப்பா பெயர், தொழில், விலாசம் எல்லாவற்றையும் என்னைக் கேட்காமலே எழுதிவிட்டான். பிறந்த ஊர் திருச்சிராப்பள்ளி என்பதற்குக் கட்டம் போதவில்லை. எழுத்துகளை எண்ணிப் பார்த்து, “எதுக்குப்பா இவ்வளவு நீளமா பேரு வச்சாங்க” என்று அலுத்துக்கொண்டு, கடைசி இரண்டு எழுத்துகளை ஓரத்தில் நெருக்கி எழுதினான். அடுத்த வரியில் பேனாவை நிறுத்தினான்.

“அம்மா பேரு வனஜாதானே?”

“ரங்கநாயகி” என்றேன்.

“அது பாட்டி பேருப்பா.”

அவன் தவறாகச் சொல்லவில்லை. உள்ளே போய்ப் பிறப்புச் சான்றிதழை எடுத்துவந்து என் முன்னால் வைத்தான். தாய் வனஜா என்றுதான் அதில் இருக்கிறது. இதை மாற்றி எழுதினால் கவுண்டரில் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பெரிய மனுஷன் தோரணையில் எனக்கு விளக்கினான். காகிதங்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும் என்பது பன்னிரண்டு வயதிலேயே அவனுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு அது தெரிய முப்பது வயது கடக்க வேண்டியிருந்தது.

2

எனக்குக் கல்யாணம் ஆனது மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைப்பதற்கு மூன்று வருஷம் முன்பு. அப்போதும் இப்போதும் எனக்கு ஒரே வேலைதான். பினாங்குத் துறைமுகத்தில் ஒரு கிட்டங்கியில், கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளின் மேல் இருக்கும் முத்திரையும் கையில் இருக்கும் காகிதமும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது. நாலு மாத லீவில் ஊருக்குப் போயிருந்தபோது பெண் பார்த்து முடித்தார்கள்.

எங்கள் வீடு ஸ்ரீரங்கத்தில், அடையவளஞ்சான் வீதியில். அப்பா பொன்மலை ரயில்வே பட்டறையில் பிட்டர். பெண்ணுக்கு ஊர் வையம்பட்டி. கடலையும் சோளமும் போடுகிற குடும்பம். அவளுக்கு முன்னால் பிறந்த இரண்டு குழந்தைகள் தங்கவில்லை என்று அவள் அப்பா ஸ்ரீரங்கம் கோயில் தாயாரிடம் வந்து வேண்டிக்கொண்டிருக்கிறார். மூன்றாவது பிழைத்தது. தாயார் பெயரையே வைத்துவிட்டார்கள். ரங்கநாயகி.

என் அம்மா பெயரும் ரங்கநாயகி. இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. எங்கள் வீதியில் நின்று அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் நாலு வீட்டுக் கதவு திறக்கும். ஆனால் ஒரே வீட்டுக்குள் மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒரே பெயர் என்றால் பிழைப்பு நடக்காது. மாமியார் தன் பெயரைத் தானே சொல்லி மருமகளை வேலை ஏவ முடியாது. மாமனார் தன் மனைவி பெயரால் மருமகளைக் கூப்பிட முடியாது. புருஷன் பாடு கேட்கவே வேண்டாம். பெற்றவள் பெயரைச் சொல்லிப் பெண்டாட்டியைக் கூப்பிடும் நாக்கு எவனுக்கு உண்டு? இதற்கு நம் பக்கத்தில் எல்லாரும் செய்வது உங்களுக்குத் தெரியும். வந்தவள் பெயரை மாற்றிவிடுவோம்.

வலது காலை எடுத்துவைத்து உள்ளே வந்தவளை, அம்மா சாமி மாடத்துக்கு அழைத்துப்போய் விளக்கேற்றச் சொன்னாள். ஏற்றி முடித்ததும், “இனிமே இந்த வீட்டுல உன் பேரு வனஜா” என்றாள். எதிர்வீட்டில் பத்து நாள் முன்பு பிறந்த குழந்தைக்கு அந்தப் பெயரை வைத்திருந்தார்கள். அம்மாவுக்கு அது பிடித்துப்போயிருந்தது. புதுப்பெண் தலையை ஆட்டினாள். உனக்குச் சம்மதமா என்று யாரும் அவளைக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. இப்போது அதை எழுதும்போது கூச்சமாக இருக்கிறது.

முதல் இரண்டு வாரம் ஒரே வேடிக்கை. “வனஜா” என்று கூப்பிட்டால் அவள் திரும்ப மாட்டாள். அடுப்பைப் பார்த்தபடி நிற்பாள். அம்மா இரண்டாம் தரம், மூன்றாம் தரம் கூப்பிட்ட பிறகுதான் திடுக்கிட்டுத் திரும்புவாள். பெண்ணுக்குக் காது மந்தமோ, தெரியாமல் தலையில் கட்டிவிட்டார்களோ என்று அம்மா அப்பாவிடம் கவலைப்பட்டாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

ஒரு நாள் அவள் அப்பா வையம்பட்டியிலிருந்து ஒரு சாக்கு கடலையோடு வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே, “ரங்கநாயகி” என்று வாய் நிறையக் கூப்பிட்டார். “யாரது?” என்று கேட்டுக்கொண்டு என் அம்மா வெளியே வந்தாள். பாவம் மனுஷர், சம்பந்தியம்மாளைப் பெயர் சொல்லி அதட்டிய மாதிரி ஆகிவிட்டதே என்று கூனிக் குறுகிப்போனார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அவர் மகளை அம்மாடி என்றுதான் கூப்பிட்டார். அந்தப் பெயரைச் சொல்ல இருந்த கடைசி ஆளும் அன்றோடு நிறுத்திக்கொண்டார். அவளும் பழகிவிட்டாள். நான் கப்பல் ஏறும்போது அவள் வனஜா ஆகியிருந்தாள்.

தலைப்பிரசவத்துக்கு வையம்பட்டி போயிருந்தவளுக்கு முன்கூட்டியே வலி எடுத்து, திருச்சி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிவந்திருக்கிறார்கள். கோபால் அங்கேதான் பிறந்தான். பிறப்பைப் பதியப் போனவர் என் அப்பா. தாயின் பெயர் என்ன என்று கேட்டிருக்கிறார்கள். தன் பெண்டாட்டியின் பெயரையா அவர் மருமகள் பெயராகச் சொல்வார்? வனஜா என்று சொல்லிவிட்டு வந்தார். அடுத்த வருஷமே அப்பா காலமானார். அப்பாவைச் சொல்லிக் குற்றமில்லை. நான் செய்ததைக் கேளுங்கள்.

3

சுதந்திரம் வந்த பிறகு கிட்டங்கியில் ஒரே பேச்சு. குடியுரிமை வாங்கியவனுக்குத்தான் வேலை நிலைக்கும், மற்றவனெல்லாம் மூட்டை கட்ட வேண்டியதுதான் என்றார்கள். எங்கள் மேஸ்திரி ஒரு கட்டுப் பாரம் வாங்கிவந்து எல்லாருக்கும் கொடுத்தார். நான் கொஞ்சம் படித்தவன் என்பதால் பத்துப் பேருக்கு நானே நிரப்பிக் கொடுத்தேன். அத்தனை பேர் பெண்டாட்டி பெயரையும் கேட்டு, எழுத்துப் பிழை இல்லாமல் எழுதினேன். கடைசியில் என் பாரத்தை எடுத்தேன்.

தாயின் பெயர் என்ற வரியில் ரங்கநாயகி என்று எழுதினேன். நாலு வரி கீழே மனைவியின் பெயர் என்று இருந்தது. அவள் பெயர் எனக்குத் தெரியாமலா? கல்யாணப் பத்திரிகையில் பார்த்திருக்கிறேன். எழுதத்தான் பேனாவைக் கொண்டுபோனேன். அம்மாவின் பெயரை எழுதிய மை மேலே இன்னும் காயவில்லை. மனைவி என்று அச்சடித்த வார்த்தைக்குப் பக்கத்தில் அதே பெயரை எழுத எனக்குக் கை வரவில்லை. அசிங்கமாகப் பட்டது. அம்மாவே அங்கே நின்று பார்ப்பதாகப் பட்டது. வனஜா என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, சொன்னதெல்லாம் உண்மை என்று பிரமாணமும் செய்து கொடுத்துவிட்டேன். அன்றைக்கு எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

சில மாதங்களில் குடியுரிமைப் பத்திரம் வந்தது. இந்தியப் பிரஜை என்ற உரிமையை விட்டுக்கொடுத்தேன். ஆறு பேர் குடியிருந்த அறையில் எல்லாருமாகச் சேர்ந்து பாயசம் வைத்துக் குடித்தோம். டம்ளரைக் கழுவும்போதுதான் எனக்கு உறைத்தது. நான் இந்த நாட்டுக்காரன், அவள் இந்தியப் பிரஜை. தாலி கட்டிய பெண்டாட்டி எனக்கு அந்நிய நாட்டவள் ஆகிவிட்டாள்.

4

அவளை முன்பே ஏன் அழைத்துக்கொள்ளவில்லை என்று கேட்பீர்கள். ஆறு பேர் படுக்கும் அறைக்கு எந்தப் பெண்ணைக் கூட்டிவருவது? அடுத்த வருஷம் பார்க்கலாம், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றே போயிற்று. அப்பா போன பிறகு அம்மா தனி. இதற்கிடையில் ஊரில் இருக்கும் மனைவிமாரை அழைத்துக்கொள்ள ஒரு கெடு வைத்துவிட்டார்கள். அதைத் தாண்டினால் கதவு சாத்தப்படும். அப்போதுதான் நான் விழித்துக்கொண்டேன். அவசரமாக ஒரு சின்ன வீடு பிடித்தேன். அம்மி வாங்கினேன். முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று வாங்கி, அவள் உயரத்தை என் தோளோடு வைத்து நினைத்துப் பார்த்து ஆணி அடித்தேன்.

ஊரில் தெரிந்த ஒருவர் அலைந்து அவளுக்குப் பாஸ்போர்ட் எடுத்துக் கொடுத்தார். அதற்கு வையம்பட்டிப் பள்ளிக்கூடத்துச் சான்றிதழ்தான் ஆதாரம். அதில் என்ன பெயர் இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

எல்லாக் காகிதங்களையும் எடுத்துக்கொண்டு குடிநுழைவு அலுவலகத்துக்குப் போனேன். அதிகாரி நிதானமானவர். ஒவ்வொன்றாக மேசையில் பரப்பினார். எனக்குத் தமிழில் சொல்லப் பக்கத்தில் ஒரு மொழிபெயர்ப்பாளர் இருந்தார். அதிகாரி சொன்னது இதுதான். இந்தப் பையனின் தாய் வனஜா. உங்கள் மனைவி வனஜா என்று நீங்களே பிரமாணம் செய்திருக்கிறீர்கள். அதுவரை சரி. அப்படியானால் உங்கள் தாயின் பெயரில் வரும் இந்த இருபத்தைந்து வயதுப் பெண் யார்?

நான் விளக்கினேன். மொழிபெயர்ப்பாளருக்குச் சொந்த ஊர் மன்னார்குடிப் பக்கம். கேட்டதும் புரிந்துகொண்டு சிரித்தார். அவர் வீட்டிலும் அண்ணிக்குப் பெயர் மாற்றியிருக்கிறார்களாம். அதிகாரிக்கு எவ்வளவோ எடுத்துச் சொன்னார். கல்யாணப் பத்திரிகையை எடுத்துக் கொடுத்தால் தீர்ந்துவிடும் என்று நான் நினைத்தேன். அதில் சௌபாக்கியவதி ரங்கநாயகி என்று பெரிய எழுத்தில் இருந்தது. அது காரியத்தை அடியோடு கெடுத்தது. கல்யாணம் ரங்கநாயகியோடு, குழந்தை வனஜாவிடம் என்று ஆயிற்று. உங்களுக்கு இரண்டு மனைவியரா என்று அதிகாரி மரியாதையாகக் கேட்டார்.

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. யார் யாரையோ மனைவி என்று சொல்லி இறக்கியவர்களை அவர் பார்த்திருக்கிறார். முத்திரை ஒன்று, காகிதம் ஒன்று என்றால் நானும் மூட்டையைக் கீழே இறக்க விடமாட்டேன். பையனுக்கு உடனே அனுமதி எழுதிக் கொடுத்தார். அவன் காகிதங்களும் என் காகிதங்களும் அழகாக ஒத்துப்போயின. பெற்றவள்தான் யாரென்று தெரியாதவளாக நின்றாள். பெயரை மாற்றியவர் யாரோ அவரே சத்தியம் செய்து எழுதிக் கொடுக்கட்டும், கெடுவுக்குள் கொண்டுவாருங்கள், மேலே அனுப்பிப் பார்க்கிறேன் என்றார்.

பெயரை மாற்றியவள் என் அம்மா.

5

ஆனி கடைசியில் ஸ்ரீரங்கம் வந்து சேர்ந்தேன். விஷயத்தைச் சொன்னதும் அம்மா, ஆடி பிறக்கப்போகிறது, ஆடியில் எழுத்து வேலை எதுவும் வேண்டாம், ஆவணியில் பார்த்துக்கொள்ளலாம் என்றாள். கெடு இருக்கிறது என்று கத்தினேன். அம்மா அசையவில்லை.

“அந்தப் பேரு உள்ளவளுக்குக் கடல் தாண்டுற யோகம் இல்லடா. தாயாரே இன்னைக்கு வரைக்கும் சந்நிதிப் படி தாண்டுனதில்ல” என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. பேரனையும் மருமகளையும் அனுப்பிவிட்டு அந்த வீட்டில் தனியாக இருக்க அவளுக்குப் பயம், அதைத்தான் தாயார்மேல் போட்டுச் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும். ஆனால் முழுப் பழியையும் அவள்மேல் போட மாட்டேன். ஆடியில் ஒரு நல்ல காரியத்துக்குப் பத்திரம் எழுத எனக்கும் மனசு வரவில்லை. கடல் கடந்து குடியுரிமை மாற்றிய ஆள்தான் நான். ஆடியை மட்டும் என்னால் மாற்ற முடியவில்லை. ஒரு மாதம் போயிற்று.

ஆவணி முதல் வாரத்தில், அம்மா, வனஜா, நான் மூன்று பேரும் குதிரை வண்டி பிடித்து, காவிரிப் பாலம் தாண்டி, கண்டோன்மென்டில் கோர்ட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு நோட்டரி வக்கீலிடம் போனோம். கோபாலை எதிர்வீட்டில் விட்டிருந்தோம். வக்கீலுக்கு இது புதிதில்லை. ரங்கநாயகி என்கிற வனஜா என்று போட்டு, இரண்டு பெயரும் ஒரே ஆளைத்தான் குறிக்கும் என்று எழுதினால் போதும் என்றார். ஆனால் சத்தியம் செய்பவர் அவர் காது கேட்க வாயால் சொல்ல வேண்டும்.

“உங்க பேரு சொல்லுங்கம்மா” என்று அம்மாவைக் கேட்டார்.

“ரங்கநாயகி.”

“மருமக பேரு?”

“வனஜா.”

“அது நீங்க வச்ச பேரு. அவங்க சொந்தப் பேரு?”

அம்மா முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டு மேசையைப் பார்த்தாள். “எம் பேருதாங்க” என்றாள். அப்படி எழுத முடியாது, பெயரைச் சொல்லுங்கள் என்றார் வக்கீல். அம்மா என்னைப் பார்த்தாள். அவர் என் பக்கம் திரும்பினார்.

“நீங்க புருஷன்தானே? உங்க சம்சாரம் பேரை நீங்களாவது சொல்லுங்க.”

சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அம்மா பக்கத்தில் நிற்கிறாள். ஒரு துண்டுக் காகிதம் கொடுங்கள், எழுதிக் காட்டுகிறேன் என்றேன். வக்கீல் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அப்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

“என் பேரு ரங்கநாயகி.”

அவள் குரல்தான். ஆனால் ஏழு வருஷத்தில் நான் கேட்காத குரல். தன்னை யாரோ கூப்பிட்ட மாதிரி அம்மா சடக்கென்று திரும்பிப் பார்த்தாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு அம்மா பேனாவை வாங்கி, எழுத்துக்கூட்டிக் கையெழுத்துப் போட்டாள்.

வண்டியில் திரும்பினோம். பாலத்தில் காற்று அடித்தது. ஆற்றில் தண்ணீர் இரண்டு கரையும் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. அம்மா அதைப் பார்த்துக்கொண்டே, “உங்க அப்பா நல்ல பேராத்தான் வச்சிருக்காரு” என்றாள் அவளிடம்.

மறுநாள் மத்தியானம் அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். பையன் தூங்கிக்கொண்டிருந்தான். அவள் என் எதிரில் வந்து உட்கார்ந்து, ஒன்று கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டீர்களே என்றாள்.

“ஒரே ஒரு தடவை என் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க. அத்தை இல்ல. யாரும் இல்ல.”

நான் சிரித்தேன். முயன்று பார்த்தேன் என்றுகூடச் சொல்லலாம். பிறகு, “போ வனஜா, காப்பி போட்டுக் கொண்டா” என்று பேச்சை மாற்றினேன். அவள் எழுந்து போய்க் காப்பி போட்டாள்.

6

என் லீவு முடிந்தது. பையனின் அனுமதிக்கும் நாள் இருந்தது. அதை விட்டால் அவனும் வர முடியாது. என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. முடிவு செய்தவள் அவள்தான். “அவன் போகட்டுங்க. அங்க ஸ்கூல்ல சேத்துடுங்க. நான் அடுத்த கப்பல்ல வந்துடறேன்” என்றாள்.

திருச்சி ஜங்ஷனில் நாகப்பட்டினம் போகும் ரயிலில் ஏறினோம். அவள் பிளாட்பாரத்தில் நின்றாள். கோபாலுக்கு ரயில் ஏறும் குஷி. ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு அவளைப் பார்க்காமல் என்ஜினைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் அவன் சட்டைப் பித்தானைச் சரிசெய்வதும், அவிழ்த்து மறுபடி போடுவதுமாக இருந்தாள். வண்டி நகர்ந்தபோது அழவில்லை. அடுத்த கப்பலில் வரப்போகிறவள் எதற்கு அழ வேண்டும்?

சத்தியப் பத்திரத்தை அலுவலகத்தில் கொடுத்தேன். அது கோலாலம்பூருக்குப் போயிற்று. அங்கே படுத்துக் கிடந்த மாதங்களில் கெடு தாண்டிவிட்டது. பிறகு மூன்று வரியில் பதில் வந்தது. பத்திரம் விண்ணப்பத்துக்குப் பின்னால் எழுதப்பட்டது, பழைய ஆவணங்களுக்கு முரணானது, இன்னார்தான் மனைவி என்று நிரூபிக்கப்படவில்லை. அந்த ஒரு ஆடி மாதம் கையில் இருந்திருந்தால் பதில் மாறியிருக்குமா என்று எனக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதே தேவலை என்று விட்டுவிட்டேன். மனு மேல் மனு போட்டேன். எல்லாவற்றிலும் நான் பிரமாணம் செய்து கொடுத்த வனஜா குறுக்கே வந்து நின்றாள்.

நீ திரும்பிப் போயிருக்கலாமே என்று ஊரில் பலர் கேட்டார்கள். போயிருக்கலாம். அங்கே என்ன வேலை கிடைக்கும் என்று பயந்தேன். பையன் இங்கே பள்ளிக்கூடத்தில் நன்றாகப் படிக்கிறான் என்று சொல்லிக்கொண்டேன். நான் அனுப்பும் மணியார்டரில்தான் ஸ்ரீரங்கத்து வீடு ஓடுகிறது என்றும் சொல்லிக்கொண்டேன். எல்லாம் உண்மைதான். என் கோழைத்தனமும் உண்மைதான்.

அம்மா படுக்கையில் விழுந்தாள். மூன்று வருஷம் அவளுக்குக் கஞ்சி ஊட்டி, துணி மாற்றி, தலை வாரிவிட்டவள் மருமகள்தான். நடுவில் ஒரு முறை கோபாலைக் கூட்டிக்கொண்டு போனேன். அப்போது அவனுக்கு ஒன்பது வயது. அம்மா என்று கூப்பிடுவான், ஆனால் மாமியை அழைப்பது மாதிரி ஒரு மரியாதையோடு. இலையில் அவள் இட்லி வைத்ததும் இங்கிலீஷில் நன்றி சொன்னான். பள்ளிக்கூடத்துப் பழக்கம்.

“ஏன் கண்ணு, அம்மாவுக்கு யாராச்சும் தேங்க்ஸ் சொல்வாங்களா?” என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். பிறகு கொல்லைப்பக்கம் போய் வெகுநேரம் வரவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் அம்மா காலமானாள். தந்தி வந்தது. கப்பல் பிடித்துப் போனாலும் காரியத்துக்குப் போய்ச் சேர முடியாது. அவளுடைய வையம்பட்டிச் சித்தப்பா ஒருவர் கொள்ளி வைத்ததாக எழுதியிருந்தாள். அந்த வீட்டில் இப்போது அவள் மட்டும் இருக்கிறாள். இங்கே ஆணியில் தொங்கும் கண்ணாடி இப்போது கோபாலின் உயரத்துக்குச் சரியாக இருக்கிறது.

7

பாரத்துக்கு வருகிறேன். கோபால் பேனாவோடு காத்துக்கொண்டிருந்தான். வெங்காயத்தை வைத்துவிட்டு, வனஜா என்றே எழுது என்றேன். எழுதினான். கீழே தகப்பன் கையெழுத்து என்ற இடத்தில் போட்டுக் கொடுத்தேன். முதல் தடவை தெரியாத்தனமாகச் செய்தேன். இந்தத் தடவை தெரிந்தே செய்தேன். கவுண்டரில் எல்லாம் ஒத்துப்போயிற்று, ஐந்து நிமிஷத்தில் வேலை முடிந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவளுக்கு ஒரு ஏர்மெயில் எழுதினேன். பதின்மூன்று வருஷமாக அன்புள்ள வனஜாவுக்கு என்றே ஆரம்பித்துப் பழகிய கை. அன்று அன்புள்ள ரங்கநாயகிக்கு என்று எழுதினேன். அம்மாதான் இல்லையே, இனி யார் என்ன சொல்லப்போகிறார்கள் என்று நினைத்தேன். அந்த ஆவணி மத்தியானம் காப்பி கேட்டதற்கு என்னை மன்னித்துவிடு என்று எழுதினேன். இன்னும் என்னென்னவோ எழுதினேன். விலாசத்திலும் முதல் தடவையாக அவள் பெயரை முழுசாக எழுதினேன். ரங்கநாயகி, அடையவளஞ்சான் வீதி, ஸ்ரீரங்கம்.

சில வாரம் கழித்து அந்தக் கடிதம் பிரிக்கப்படாமல் திரும்பி வந்தது. குறுக்கே சிவப்பு மையில், விலாசதாரர் காலமாகிவிட்டார் என்று எழுதியிருந்தது. தபால்காரர்மேல் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. வாசலில் நின்று ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? தபாலாபீஸ் மேலதிகாரிக்குப் புகார் எழுதிப் போடலாம் என்று காகிதம் எடுத்து வைத்திருந்தேன். மறுநாள் அவளிடமிருந்து கடிதம் வந்தது. மழை, கூரை ஓடு, கோபாலின் படிப்பு எல்லாம் விசாரித்துவிட்டுக் கடைசியில் இப்படி எழுதியிருந்தாள்:

“போன வாரம் புதுத் தபால்காரர் வந்து ரங்கநாயகி அம்மாளுக்கு வெளிநாட்டுக் கடிதம் என்றார். எனக்குக் கையெல்லாம் மாவு. அவங்க காலமாயிட்டாங்க, திருப்பி அனுப்பிடுங்க என்று உள்ளே இருந்தே சொல்லிவிட்டேன். யாரோ அத்தை போனது தெரியாமல் எழுதியிருக்கிறார்கள், பாவம். இப்படிக்கு, வனஜா.”

அந்தக் கடிதம் யார் யாருக்கு எழுதியது என்று நான் இன்னும் அவளுக்குச் சொல்லவில்லை. ஆறு தடவை உட்கார்ந்துவிட்டேன், வரவில்லை. அதனால் ஊரில் இதைப் படிக்கிறவர்களிடம் கேட்கிறேன். அடையவளஞ்சான் வீதிப் பக்கம் போகிறவர்கள் யாராவது எங்கள் வீட்டு வாசலில் ஒரு நிமிஷம் நின்று, அவளை ரங்கநாயகி என்று கூப்பிடுங்கள். உடனே திரும்ப மாட்டாள். இரண்டாம் தரமும், மூன்றாம் தரமும் கூப்பிடுங்கள்.